சிறுதொழிலைக் கம்பெனியாகப் பதிவு செய்தல்

இங்குக் கூடியிருக்கும் சிறுதொழில் முனைவோரிடையே ஒரு கருத்து பரவலாக நிலவி வருகிறது. கம்பெனி அமைப்பதென்றால் வழக்கறிஞரை நாட வேண்டும். நாடினால் பெருந்தொகை செலவாகும். ஆகவே அது பெருமுதலாளிகளுக்கு உரிய காரியம் என்பது அக்கருத்து. இதில் உண்மை கொஞ்சம். பழைய நினைவு மிகுதி. தனியார் கம்பெனிக்குக் குறைந்தது ஒரு லட்ச ரூபாய் செலுத்திய மூலதனம் தேவை என்ற விதியே 2015-இல் நீக்கப்பட்டுவிட்டது.

பதிவினால் கிடைக்கும் பயன் யாது? தனி உரிமையாளர் வேறு, அவருடைய தொழில் வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. பட்டறையின் கடன் அவருடைய வீட்டையும் தொடரும். 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் கூட்டாண்மையிலோ, ஒரு கூட்டாளி தொழிலின் பெயரால் வாங்கிய கடன் முழுமைக்கும் மற்றவரும் பொறுப்பாளி. கம்பெனி அவ்வாறன்று, அது உறுப்பினர்களினின்றும் வேறான சட்ட நபர். லண்டனில் காலணி தயாரித்து வந்த ஆரன் சாலமன் என்பவரின் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1897-இல் இக்கொள்கையை உறுதி செய்தது. அன்று ஏழு உறுப்பினர்கள் தேவைப்பட்டதால், அவர் தம் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையை நிரப்பினார். நம் நாட்டில் அந்தச் சிரமம் இன்று இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் ஒரு நபர் கம்பெனிக்கு இடமளித்துள்ளது. உரிமையாளர் இறந்தால் அவரிடத்தில் வரவேண்டியவரைப் பதிவின்போதே குறிப்பிட்டு, அவருடைய எழுத்துப்பூர்வ இசைவையும் இணைத்தல் வேண்டும்.

எனினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி, பெரும்பாலும் இயக்குநர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் கேட்டுப் பெறுகிறது. உத்தரவாதத்தில் கையெழுத்திட்டவருக்கு அந்தக் கடனைப் பொறுத்தவரை வரையறுத்த பொறுப்பு என்னும் பாதுகாப்பு இல்லை. சரக்குக் கடன் தந்த வியாபாரிகள், வாடிக்கையாளர் தொடுக்கும் நஷ்ட ஈட்டு வழக்குகள் ஆகியவற்றுக்கு எதிராகவே அது உண்மையில் பயன்படுகிறது.

பதிவு முறை இப்போது பெரிதும் எளிதாகியுள்ளது. ஸ்பைஸ் பிளஸ் என்னும் இணையவழி விண்ணப்பம் 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பெயர் ஒதுக்கீடு, இயக்குநர் அடையாள எண், வருமான வரிக்கான பான், டான் எண்கள் யாவும் இதன் வாயிலாகவே கிடைக்கின்றன. விண்ணப்பங்களை மானேசரில் உள்ள மத்தியப் பதிவு மையம் பரிசீலிக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்ச ரூபாய்க்கு மேற்படாத கம்பெனிக்கு 2019 முதல் பதிவுக் கட்டணம் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் முத்திரைத் தீர்வை மட்டும் உண்டு. குடியிருக்கும் வீட்டையே பதிவு அலுவலகமாகக் காட்டலாம். இரண்டு மாதத்துக்கு மேற்படாத மின் கட்டண ரசீதும், வீடு பிறருடையதாயின் அவருடைய ஆட்சேபணை இல்லாக் கடிதமும் போதும். வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் ஈட்டுறுதி ஆகியவற்றின் எண்களும் உடன் வந்து சேரும். எண் வந்துவிட்டதனாலேயே சந்தா கட்ட வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஊழியர் எண்ணிக்கை உரிய வரம்பை எட்டும்போதுதான் அக்கடமை தொடங்கும்.

வழக்கறிஞர் வேண்டாம் என்பதற்காக எவருமே வேண்டாம் என்று கொள்ளலாகாது. சட்ட நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டன என்று தொழில்முறை வல்லுநர் ஒருவர் உறுதிமொழி அளிக்க வேண்டும் என 7-ஆம் பிரிவு விதிக்கிறது. அவர் வழக்கறிஞராகவும் இருக்கலாம்; பட்டயக் கணக்காளர், அடக்கவிலைக் கணக்காளர், கம்பெனிச் செயலர் ஆகியோரில் ஒருவராகவும் இருக்கலாம். ஆண்டுக் கணக்கை எழுதித் தருபவர் பட்டயக் கணக்காளராயின் அவரே இதனையும் செய்யக்கூடும்.

உண்மையான இடர் படிவத்தில் இல்லை. செயல்முறை விதிகளில் இருக்கிறது. இவற்றைப் புதிதாக எழுத வேண்டிய அவசியம் இல்லாதபடி, சட்டமே முதல் அட்டவணையில் எஃப் பட்டியல் என்னும் மாதிரியைத் தந்துள்ளது. பலர் அதனைப் படியாமலே ஏற்றுக்கொள்கின்றனர். ராஜ்கோட்டில் பம்புகளுக்கு உதிரிப் பாகம் கடையும் பட்டறை ஒன்றை இரு நண்பர்கள் சரிபாதிப் பங்குடன் கம்பெனியாக்குவதாக வைத்துக்கொள்ளலாம். இருவருமே இயக்குநர்கள். மாதிரி விதிப்படி, இயக்குநர் குழுவில் வாக்குகள் சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. மரியாதைக்காக மூத்தவரைத் தலைவராக்கிய இளையவர், சரிபாதி என்று தாம் நம்பியது குழுவில் சரிபாதியன்று என்பதை முதல் பிணக்கின்போதுதான் அறிவார். அவர் கூட்டத்துக்கு வராமல் இருந்துவிட்டாலோ, குறைந்தது இருவர் வந்தால்தான் குழு கூட முடியும் என்பதால் கம்பெனியே முடங்கும். பன்னிரண்டு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராத இயக்குநர் பதவியை இழப்பார். ஆனால் பங்கு அவரிடமே இருக்கும். ஒருவர் விலக விரும்பினால் அவருடைய பங்கை முதலில் யாருக்குத் தர வேண்டும், என்ன விலைக்கு என்பதற்கு மாதிரியில் விடை கிடையாது. ஒருவர் இறந்தால் பங்கு வாரிசுகளைச் சேரும். பட்டறையையே பார்த்திராத ஒருவர் பாதிக்கு உரியவராகலாம். இவ்விஷயங்களை இருவரும் நட்பாக இருக்கும்போதே பேசி எழுதிச் சேர்க்க வேண்டும். எழுதியதை வழக்கறிஞர் ஒருவர் பார்ப்பதற்கு ஆகும் செலவு, பின்னர் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் ஆகும் செலவில் மிகச் சிறு பகுதியே.

பதிவுக்குப் பின் வரும் கடமைகளும் அற்பமானவை அல்ல. 30 நாட்களுக்குள் முதல் தணிக்கையாளரை நியமித்தல் வேண்டும். பங்குப் பணம் வந்து சேர்ந்ததாக 180 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வியாபாரமே நடவாத ஆண்டிலும் கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதத்துக்குப் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் என 2018-இல் விதிக்கப்பட்டது. இதற்கு உச்ச வரம்பு இல்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் ஐந்தாண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. 2017-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுள் போலிகளும் இருந்தன. தொடங்கிவிட்டு மறந்து போனவையும் இருந்தன.

கடன் பொறுப்பு மிகாத, ஒருவரே நடத்தும் தொழிலுக்குக் கம்பெனியே தேவைப்படாமல் இருக்கலாம். சிறுதொழில் சலுகைகளுக்காக மட்டும் கம்பெனி தொடங்குவது வீண். 2020 ஜூலை முதல் நடைபெறும் உத்யம் பதிவு தனி உரிமையாளருக்கும் உண்டு. அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை; பணம் கேட்கும் இணையதளம் எதுவாயினும் அது அரசினுடையது அன்று.

இருவர் சேர்ந்து நடத்தும் தொழிலுக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படியான வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை நடுவழியாகும். ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாயைத் தாண்டாதவரை அச்சட்டத்தின்கீழ் தணிக்கை கட்டாயமில்லை. இங்கும் ஒப்பந்தம் எழுதாதவர்களுக்குச் சட்டமே ஒரு மாதிரியை விதிக்கிறது. ஒருவர் ஒன்பது லட்சமும் மற்றவர் ஒரு லட்சமும் போட்டிருந்தாலும், அம்மாதிரிப்படி மூலதனத்திலும் லாப நஷ்டத்திலும் இருவருக்கும் சம பங்கு.