நாளுக்கொரு முகம்



சித்திரம் பழக விரும்புவோர்க்குப் பூவையும் பழத்தையும் குடத்தையும் எடுத்து வைத்துக் காட்டுவது நமது பள்ளிக்கூட வழக்கம். பழம் அசையாது, குடம் கோபித்துக்கொள்ளாது. ஆதலின் அவை கற்பவர்க்கு வசதியானவையே. ஆயினும், நாளுக்கொரு முகம் வரைவது என்ற நியமத்தை மேற்கொண்டவர் பெறுகின்ற பயிற்சி அவற்றால் கிட்டுவதில்லை. மாம்பழத்தை அரை விரற்கடை அகலமாக வரைந்துவிட்டாலும் அது மாம்பழந்தான். முகத்திலோ, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே ஒரு நூலளவு பிசகினால் ஆளே வேறாகிவிடுகிறார்.

நான் வாழும் குண்டசாலை, கண்டி நகருக்குக் கிழக்கே, மாவலி கங்கைக்கு அப்பால் உள்ள ஊர். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் தனது வாசத்துக்கு விரும்பித் தேர்ந்த இடம் இது. இவ்வூருக்கு அண்மையில், அமுனுகமவில், தெகல்தொருவைக் குகை விகாரை இருக்கிறது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கப்பெற்ற அவ்விகாரையின் சுவர்ச் சித்திரங்களை வரைந்தோருள் தலைமையானவர் தெவரகம்பொல சில்வத்தென்ன என்னும் துறவி. சிவந்த பின்னணியில் சாதகக் கதைகள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. மன்னனும் மந்திரியும் சேவகனும் அங்கே நிற்கிறார்கள். முகங்களை மட்டும் உற்று நோக்கினால், பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாகவே தோன்றும். யார் மன்னன் என்பதை முடி சொல்லுகிறது. யார் சேவகன் என்பதை உடை சொல்லுகிறது.

இது கைத்திறக் குறைவன்று, மரபின் ஒழுங்கு. கண்டிக் கைவினைஞரின் முறைகளை 1908 இல் ஒரு பெருநூலாக எழுதி வெளியிட்ட கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, அக்கலைஞர்கள் அளவுப் பிரமாணங்களை எவ்வளவு கருத்தாய்ப் போற்றினர் என்பதை விளக்கியிருக்கிறார். நமது சிற்ப நூல்களிலும் முகமே அளவுகோல். முகத்தின் நீளம் ஒரு தாளம். அது 12 அங்குலம். முன்மயிர் எல்லையிலிருந்து கண் வரை நான்கு, கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை நான்கு, அங்கிருந்து மோவாய் வரை நான்கு. உடம்பு முழுவதும் அம்முகத்தைக் கொண்டே அளக்கப்படுகிறது. புத்தர் படிமத்துக்குக் கண் திறக்கும் சடங்கில், கலைஞன் படிமத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்தே விழியைத் தீட்டுகிறான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தானே ஆக்கிய முகமாயினும், அதன் முதற்பார்வையை நேரே ஏற்க அவன் துணிவதில்லை!

பிரமாணம் கற்பது முதற்படி. கற்கத் தொடங்குவோர் பெரும்பாலும் கண்களை மிக உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். நெற்றியிலும் உச்சியிலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று மனம் அவற்றைச் சுருக்கிவிடுவதே காரணம். உச்சிக்கும் மோவாய்க்கும் நட்டநடுவே கண்கள் இருக்கின்றன என்று அளந்து காட்டினால் பலர் நம்புவதில்லை. தலையின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண்ணகலம். இரு கண்களுக்கிடையே ஒரு கண் வைக்கலாம். இவை கைக்கு வந்தபின், எதிரே இருக்கும் ஆள் இவ்விதியிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதைக் காண்பதுதான் வேலை. அந்த விலகலே அவருடைய முகம்.

கருவிகளுக்குப் பெருஞ்செலவில்லை. கோடிடாத கொப்பி ஒன்று, மென்மையான 2பி பென்சில் ஒன்று. அழிப்பானை வீட்டில் வைத்துவிடுவது நல்லது. தவறிய கோட்டுக்கு அருகே சரியான கோடு விழுந்தால், இரண்டும் சேர்ந்து கற்பிக்கும். கண்டியிலிருந்து திகன செல்லும் பஸ்ஸில் முன்னிருக்கைக்காரரின் காதும் பிடரியுமே அகப்படும். அதுவும் நன்மைக்கே, காதை ஒழுங்காக வரையத் தெரிந்தவர் மிகச் சிலர்!

வேற்று முகம் கிடைக்காத நாளில் தன் முகம் இருக்கிறது. ரெம்பிராந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் முகத்தை ஏறத்தாழ எண்பது தடவை தீட்டியும் செதுக்கியும் வைத்தார். தமிழகத்து ஓவியர் ஆதிமூலம் 1969 இல், காந்தி நூற்றாண்டை ஒட்டி, காந்தியடிகள் ஒருவரையே நூறு கோட்டோவியங்களில் வரைந்தார். நமக்கு அண்மையில், சிறிமல்வத்தையில் வாழ்ந்த ஜோர்ஜ் கீற் (1901–1993) பக்கமுகத்தையும் நேர்முகத்தையும் ஒரே கோட்டில் பிணைத்தார். அதைப் பார்த்து உடனே அவ்வாறே வரையத் தொடங்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது, சிறிது பொறுங்கள் என்பதே.

பிறரை வரையும்போது அனுமதி கேட்பது முறை. "ஐயா, உங்களை ஒரு படம் போடலாமா?" என்றால் பத்துப் பேரில் ஏழு பேர் சிரித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிறார்கள். மறுப்பவரை விட்டுவிட வேண்டும். முடிந்ததும் படத்தை அவரிடம் காட்டிவிட வேண்டும். "என்ன தம்பி, என்னைக் கிழவனாக்கிவிட்டீரே" என்று வெற்றிலைக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் குறைபட்டுவிட்டு, பிறகு அதே படத்தைத் தம் மனைவிக்குக் காட்டக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்தப் பழக்கத்தை வெறும் பொழுதுபோக்காக நான் கருதாமைக்கு ஒரு காரணம் உண்டு. 2018 மார்ச் மாதத்தில் இதே சாலையில், திகனவிலும் தெல்தெனியவிலும், முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பெயர் சொல்லி அழைக்கப்பட்ட அயலவர், தொப்பியாலும் தாடியாலும் உடையாலும் மட்டுமே அறியப்பட்ட நாட்கள் அவை. சுவர்ச் சித்திரத்தில் முடியைக் கண்டு மன்னனை அறிவது மரபு. தெருவில் அப்படி அறிவது ஆபத்து. படம் வரைந்தால் கலகம் நின்றுவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒருவருடைய இடப்புருவம் வலப்புருவத்தினும் சற்றே தாழ்ந்திருப்பதை இருபது நிமிடம் உட்கார்ந்து கண்டவருக்கு, அவரைப் பின்னர் ஒரு கூட்டத்தின் பெயரால் மட்டும் நினைப்பது கடினமாகிவிடுகிறது. தாடியும் தொப்பியும் வரைவதற்கு எளியவை. அவற்றுக்கு நடுவே இருப்பதுதான் நேரம் எடுக்கும்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பார்கள். வரைந்து பார்த்தவர் அதனை முழுவதும் ஒப்பமாட்டார். முகத்தில் தெரிவது பெரும்பாலும் தூக்கமின்மையும், வெயிலும், பல் விழுந்த இடமுந்தான்.

இன்றிரவே தொடங்க எண்ணுவோர், விளக்கை ஒரு பக்கமாக வைத்துக் கண்ணாடி முன் அமருங்கள். ஒரு பக்கத்து வெளிச்சம் மூக்கின் மேட்டையும் கண்ணின் பள்ளத்தையும் பிரித்துக் காட்டும். முதலில் கண்களை விட்டுவிட்டு நிழலின் வடிவத்தை மட்டும் வரையுங்கள். பதினைந்து நிமிடம் போதும். கீழே தேதியிட்டுக் கொப்பியை மூடிவிடுங்கள். ஒரு மாதம் செல்லும்வரை அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டாம்.