சீனிக் கிளினிக்கில் கேட்கப்படாத இரண்டு கேள்விகள்

(கதிரவெளியில் நடந்த தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் எங்கள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், பேர், ஈ.பீ.எஃப். என்று பேசும் சங்கம் மனசைப் பற்றி ஏன் பேசுகிறது என்று தோட்டத்திலேயே எங்களைக் கேட்டார்கள். பதில் உங்கள் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. மாதா மாதம் சீனி கூடுகிறது. "ஏன் குளிசை போடவில்லை?" என்று டொக்டர் கேட்கிறார். "மறந்துபோச்சு" என்கிறோம். மருந்தின் அளவைக் கூட்டி எழுதி அனுப்புகிறார்கள்.

பல பேருக்கு அது மறதி இல்லை. குளிசை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், எடுத்துப் போட மனம் வராது. சமைக்க ஏலாது, ஆட்களோடு கதைக்க விருப்பமில்லை, "எல்லாம் இருந்தென்ன" என்ற யோசனை. இதற்குப் பெயர் மனச்சோர்வு. பைத்தியம் அல்ல, சோம்பலும் அல்ல. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. மனம் சோர்ந்தால் மருந்தும் சாப்பாடும் நடையும் தவறும், சீனி ஏறும். சீனி ஏறினால் களைப்பு, கால் எரிவு, பயம், அதனால் இன்னும் சோர்வு. காலில் புண் வந்து ஆறாமல் போனபிறகு வேலையும் போய்விடும். அந்த இடத்தில்தான் அது சங்கத்தின் பிரச்சினையாகிறது.

உங்கள் ஊருக்கு நாங்கள் இதை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் இங்கே கடல் வந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி இடம்பெயர்ந்த சனம் தஞ்சமிருந்த பாடசாலை மீது செல் விழுந்தது. அதைச் சுமந்துகொண்டே வலை இழுத்தீர்கள், வயல் செய்தீர்கள். அன்று முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதில், சீனிக் கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள். கொப்பியில் சீனியின் அளவு இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, நிறை இருக்கிறது. மனசுக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த வரியை எழுத இரண்டு கேள்வி போதும். கடந்த இரண்டு கிழமையில், எதைச் செய்தாலும் விருப்பமோ சந்தோசமோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, இனி நம்பிக்கை இல்லை என்பதுபோல இருந்ததா? இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, அநேகமாக ஒவ்வொரு நாளும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால், ஒன்பது கேள்வி உள்ள முழுத் தாளைக் கேட்க வேண்டும். அதில் 27க்கு 5 முதல் 9 வரை வந்தால் இலேசான மனச்சோர்வு, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டொக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. களைப்பு, நித்திரை குழம்புவது, பசி மாறுவது ஆகியவை சீனியாலும் வரும். இரவில் நாலு தரம் சலம் போக எழும்புகிறவருக்கு நித்திரை எப்படி வரும்? அதனால்தான் விருப்பத்தையும் நம்பிக்கையையும் கேட்கும் முதல் இரண்டு கேள்விக்கு நாங்கள் அழுத்தம் கொடுக்கிறோம். மெட்ஃபோமின் வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் ஆளைச் சோர்வாக்கும். ஆகவே இரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

இலேசான சோர்வுக்கு உடனே குளிசை தேவையில்லை. விட்டுப்போன வேலைகளில் ஒன்றைத் திரும்பப் பிடிப்பதுதான் மருந்து. முதல் கிழமை காலையில் கரைவலை இழுக்கும் இடம் வரை நடந்து போய் வாருங்கள். வெறுங்காலோடு வேண்டாம், செருப்போடு. அடுத்த கிழமை கோயிலுக்கு, அல்லது ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு. மனம் வந்தபிறகு போவோம் என்று இருந்தால் போகவே மாட்டோம். போனால்தான் மனம் வரும். அந்த நடையால் சீனியும் இறங்கும். மூன்று, நாலு கிழமையில் திரும்பவும் அதே தாளைக் கேட்க வேண்டும். புள்ளி கூடியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு.

ஆண்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் கவலை என்று சொல்ல மாட்டீர்கள், குடிப்பீர்கள். சீனிக் குளிசையோ ஊசியோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால் சீனி திடீரென்று விழுந்து ஆளே மயங்கிவிடலாம்.

இதற்கெல்லாம் மனநல டொக்டர் வேண்டுமே, வாகரையில் எங்கே தேடுவது என்று நினைப்பீர்கள். சென்னை, டில்லி, பெங்களூர், விசாகப்பட்டினம் ஆகிய நாலு நகரங்களின் சீனிக் கிளினிக்குகளில் 404 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. சீனி வருத்தத்தோடு, சீனியோ பிரஷரோ கொலஸ்ட்ரோலோ கட்டுப்படாமல், மனச்சோர்வும் இருந்தவர்கள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான வைத்தியம். மறு பகுதியினருக்கு டொக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். அவர் கேள்வி கேட்டார், விடாமல் தொடர்பு வைத்தார், நிபுணர்களிடம் விபரம் சொல்லி ஆலோசனை எடுத்தார். சோர்வு பாதியாகக் குறைந்து, சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் இவற்றில் ஒன்றாவது முன்னேறியவர்கள் வழக்கமான வைத்தியத்தில் நூற்றுக்கு 57 பேர், மறு பகுதியில் ஏறத்தாழ 72 பேர். அவர்களின் சோர்வு நாங்கள் சொல்லும் இலேசான அளவைவிடக் கூடியது என்பதையும் கவனியுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கே பலன் கிடைத்தது. எங்கள் வாலிபர்களில், முன்பள்ளி ஆசிரியைகளில் அந்த வேலையைப் பழகக்கூடியவர்கள் இல்லையா?

ஆனால் கேட்டுவிட்டு ஆளை விட்டுவிடுவதென்றால் கேட்காமலே இருக்கலாம். தாளின் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு ஒருவர் "சில நாள்" என்று சொன்னால்கூட அன்றைக்கே அவரை டொக்டரிடம் கூட்டிப்போக ஆள் இருக்க வேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி.

ஆகவே சங்கம் கேட்பது இதுதான். சீனிக் கிளினிக்கில் இரண்டு கேள்வியும் தமிழில், மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் கேட்கப்பட வேண்டும். பின்தொடர ஒரு தமிழ் பேசும் ஊழியர் வேண்டும். தோட்டத்தில் கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். அரைப்பேருக்குப் பயந்து கிளினிக்கை விடுகிறவர்களை எங்களுக்குத் தெரியும். இங்கே தோட்டம் இல்லை, பேர் இல்லை. ஆனால் வாகரைக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏறினால் அன்றையக் கூலி போய்விடும். ஆகவே கிளினிக் ஊருக்கு வரவேண்டும் என்று நீங்கள் கேளுங்கள், மனுவில் நாங்களும் கையெழுத்து வைக்கிறோம்.

வெளியே மேசையில் கேள்வித்தாள் இருக்கிறது. பெயர் எழுத வேண்டாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டு தங்கச்சிமார் தனியாக இருந்து வாசித்துச் சொல்வார்கள். 3 அல்லது அதற்கு மேல் வந்தவர்கள் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள்.