பழவேற்காட்டு 'பாடு' முறையும் ஒரு படிகமும்

இன்னைக்கு பழவேற்காட்டைப் பத்திப் பேசப் போறோம். கூடவே பெரோவ்ஸ்கைட்னு ஒரு படிகத்தைப் பத்தியும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? சொல்றேன்.

பழவேற்காடு, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அங்கிருந்து தெற்கே எண்ணூர் பக்கம் வந்தால் வட சென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள். வல்லூர் மட்டுமே 1,500 மெகாவாட். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்த கதை நமக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமப் போறது கார்பன் டை ஆக்சைடு. 500 மெகாவாட் யூனிட் ஒன்று நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால், 10,000 டன்னுக்கும் மேல் வெளியே விடும். அதனால் கடல் மட்டம் உயர்ந்தா, முதல் அடி ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பங்களுக்குத்தான்.

அந்த வாயுவைப் பிடிச்சு வேற பொருளா மாத்த முடியாதா? முயற்சி நடக்குது. தூத்துக்குடியில் 2016-ல் ஒரு ரசாயன ஆலை, தன் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து அதைப் பிரிச்சு சோடா ஆஷ் தயாரிக்க ஆரம்பிச்சது. மத்தியப் பிரதேசத்தில் என்டிபிசியின் விந்தியாச்சல் நிலையத்தில், நாளைக்கு 20 டன் பிடிக்கும் அமைப்பு 2022-ல் வந்தது. அதை மெத்தனாலாக்குவதுதான் நோக்கம். 20 எங்கே, 10,000 எங்கே!

கார்பன் டை ஆக்சைடு எரிஞ்சு முடிஞ்ச பொருள். அதைத் திரும்ப எரிபொருளாக்க ஆற்றலும் வேணும், வினையூக்கியும் வேணும். மீத்தேனோடு சேர்த்து வினைபுரிய வைக்கிற முறையில், விலை குறைஞ்ச நிக்கல் நல்லாவே வேலை செய்யும். ஆனா 700, 800 டிகிரி வெப்பத்தில் நிக்கல் துகள்கள் நகர்ந்து ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். மேல கரியும் படியும். டெமோவில் ஓடுற கோட் புரொடக்‌ஷனில் விழுற மாதிரிதான்.

இங்கேதான் பெரோவ்ஸ்கைட் வருது. 1839-ல் யூரல் மலைப் பகுதியின் கனிமம் ஒன்றை குஸ்டாவ் ரோஸ் விவரித்தார். அதே அமைப்புள்ள எல்லாத்துக்கும் இப்போ அந்தப் பெயர்தான். இந்தப் படிகத்தில் உலோகங்களுக்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. உலோகத்தை மாத்தினால் குணமும் மாறும். சோலார் செல்லில் வரும் ஹாலைடு வகை, தண்ணீர் பட்டாலே சிதையும். ஆக்சைடு வகை வெப்பம் தாங்கும். ஆனா அதிலும் ஸ்ட்ரான்சியம் இருந்தா, மேற்பரப்புக்கு ஏறி வந்து, கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கார்பனேட்டா மூடிக்கும்.

தீர்வு என்ன? 2002-ல் ஜப்பானின் டைஹட்சு நிறுவன ஆய்வாளர்கள், கார் புகையின் தன்மை மாறும்போதெல்லாம் பல்லேடியம் படிகத்துக்குள் போய் வெளியே வருவதைக் காட்டினாங்க. தேய்மானம் தானாகவே சரியாகும். 2013-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் இர்வைன் குழு இன்னொரு வழி காட்டியது. படிகத்தில் வேணும்னே சில இடங்களைக் காலியா விட்டால், நிக்கல் போன்ற உலோகம் உள்ளிருந்தே துகளாக முளைக்கும். பாதி புதைஞ்சே இருப்பதால் நகராது, ஒட்டாது, கரியும் குறைவாப் படியும்.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்த லாஜிக் புதுசு இல்லை. அவங்க 'பாடு' முறையில், யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரிச்சுக்குவாங்க. எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்தால் யாருக்கும் மீன் இல்லை. துகளுக்கும் அதேதான்: குவிந்தால் பரப்பு போச்சு.

ஆகவே 'புகையிலிருந்து எரிபொருள்'னு அடுத்த தலைப்புச் செய்தி வரும்போது மூணு கேள்வி கேளுங்க. எத்தனை மணி நேரம் ஓடியது? நிக்கலைக் கெடுக்கும் கந்தகம் உள்ள நிஜப் புகையிலா, சிலிண்டர் வாயுவிலா? ஆற்றல் எங்கிருந்து வந்தது? நிலக்கரி மின்சாரத்தில் இதை ஓட்டினால், மிச்சப்படுத்துவதைவிட அதிகமா வெளியே விடுவோம்.

இன்னொன்னு. வினையூக்கி எவ்வளவு உறுதியானாலும் முகத்துவாரத்து மணலை அது அள்ளாது, ஆற்றுச் சாம்பலையும் எடுக்காது. 'டெக்னாலஜி வரப்போகுது' என்ற பேச்சு அந்த வேலைகளைத் தள்ளிப்போடக் காரணமாகிடக் கூடாது.

உங்க கேள்விகளை அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.