கம்ப்யூட்டர் எவ்வளவு கரண்டு தின்கிறது?

(சந்திரகிரி மாலை நேரப் படிப்பு மையத்தில் பேசியது)



உங்களில் பலர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். குடும்பக் கணக்கை எனக்குக் கற்றுத்தரக் கூடியவர்கள். ஆனாலும் இன்று கரண்டு கணக்கைப் பற்றி நான் கொஞ்சம் பேசுகிறேன்.

இப்போது நம் தெருக்களிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் திருப்பதிக்குப் போய்ப் படிக்கிறார்கள். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போடுகிறோம். மாதம் முடிந்து பில் வருகிறது. உடனே சண்டை ஆரம்பம். “எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது. இனி அதைத் தொடாதே” என்று அப்பா சொல்கிறார். பையன் படித்தால் யாரும் அவ்வளவு சீக்கிரம் அப்படிச் சொல்வதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெண்ணின் படிப்பா பில்லை ஏற்றியது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் யூனிட் என்றால் என்ன? 100 வாட் குண்டு பல்பு 10 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். மேசையில் வைக்கும் கம்ப்யூட்டரும் அதன் திரையும் சேர்ந்து ஏறக்குறைய 100 வாட் இழுக்கும். சிலது கூட இழுக்கும், சிலது குறைவாக இழுக்கும். மடிக் கணினி, அதாவது லேப்டாப், இதில் பாதிகூட இழுக்காது.

உங்கள் மகள் தினமும் 4 மணி நேரம் படிக்கிறாள் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.4 யூனிட். 30 நாளுக்கு 12 யூனிட். அவ்வளவுதான்!

ஆனால் படித்து முடித்தபின் பெட்டியை அணைக்காமல் எழுந்து போகிறாள். தம்பி வந்து பாட்டுப் போட்டுவிட்டு அவனும் போகிறான். திரையில் மீன் நீந்துகிறது, பூ மலர்கிறது. பார்க்க யாருமே இல்லை. இப்படி 10 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட். மாதத்துக்கு 30 யூனிட்.

இனி ரூபாய்க் கணக்கு. ஆந்திராவில் 2022 ஏப்ரலில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 30 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 1 ரூபாய் 90 பைசா. அதற்கு மேல் 75 யூனிட் வரை 3 ரூபாய். 125 வரை 4 ரூபாய் 50 பைசா. 225 வரை 6 ரூபாய். ஏணி மாதிரி. மேலே ஏற ஏற விலையும் ஏறும்.

கம்ப்யூட்டர் இல்லாமலே 100 யூனிட் ஓடும் வீடு என்றால் 304 ரூபாய் 50 பைசா. மகள் படிக்கும் 12 யூனிட்டைச் சேர்த்தால் 358 ரூபாய் 50 பைசா. அதாவது அவள் படிப்புக்கு மாதம் 54 ரூபாய். ஆள் இல்லாமல் ஓடிய 30 யூனிட்டையும் சேர்த்தால் 142 யூனிட். 519 ரூபாய். யாரும் பார்க்காத மீனுக்கும் பூவுக்கும் 160 ரூபாய் 50 பைசா! 125-ஐத் தாண்டியதால் கடைசி 17 யூனிட்டுக்கு 6 ரூபாய் விலை. மற்ற வரிகள் தனி.

வயல் மோட்டாருக்கு 2004 முதல் இலவசக் கரண்டு உண்டு. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் தாராளமாக இருந்துவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் கணக்கை நம்ப வேண்டாம். நீங்களே பாருங்கள். வீட்டு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னும். அதன் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். எண்ணோடு ஐ.எம்.பி. என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட் ஓடியது என்று பொருள். ஃபிரிட்ஜ், ஃபேன், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் மட்டும் ஓடட்டும். 3 நிமிடம் எண்ணுங்கள். 16 தடவை மின்னினால் 100 வாட். 6 தடவை என்றால் 40 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மீட்டருக்குப் பக்கத்தில் ஒருவர், கடிகாரத்தோடு ஒருவர். எண்ணத் தெரிந்தால் போதும். இன்ஜினீயர் வேண்டாம்.

திரையில் நீந்தும் மீன் கரண்டை மிச்சப்படுத்தும் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. பழைய குண்டுத் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் கண்ணாடியில் படிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஆடும் படம் வந்தது. இன்றைய தட்டைத் திரைக்கு அது தேவையில்லை. திரையின் பொத்தானை அமுக்கி அணைப்பதே மேல்.

கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கவும் வழி உண்டு. 15 நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே தூங்கும்படி அமைத்துவிடலாம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலை. தூங்கும்போது சில வாட்தான் இழுக்கும். தட்டினால் விட்ட இடத்திலேயே எழுந்துகொள்ளும்.

இரவில் முழுவதும் அணைத்துவிடுங்கள். ஆனால் நேராகப் போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டாதீர்கள். முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். அது அடங்கியபின் சுவிட்சை அணைக்கலாம். திரை, ஸ்பீக்கர், பிரிண்டர் எல்லாம் ஒரே நீளப் பலகையில் இருந்தால் ஒரே சுவிட்ச் போதும். அணைத்துப் போட்டால் கெட்டுப்போகும் என்று கடைக்காரர் சொன்னாராம், ஓர் அக்கா கேட்டார். நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுத்திப் போடுவதால் ஒன்றும் ஆகாது.

பில் தெலுங்கில் இருக்கட்டும், ஆங்கிலத்தில் இருக்கட்டும், எண் எண்தான். நீங்கள் அதைப் படிப்பீர்கள். போன மாதப் பில்லை எடுத்து வையுங்கள். அடுத்த பில் வந்ததும் இரண்டையும் இங்கே கொண்டு வாருங்கள். கரும்பலகையில் எழுதிக் கழித்துப் பார்ப்போம். வீட்டில் அப்பாவையும் அழைத்து வாருங்கள்.