காற்றில் வரும் பாடமும் நம் கைக்காசும்
(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கம்பியில்லாமல் போனுக்குள் இணையம் எப்படி வருகிறது என்று விளக்கச் சொன்னார்கள். இது படித்தவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். பிள்ளையின் பாடமும் நம் கைக்காசும் இதில்தான் இருக்கிறது.

வானொலி நமக்குப் புதிதில்லை. கொழும்பில் 1925இல் ஒலிபரப்பு தொடங்கியது. கம்பி இல்லாமல் லயத்துக் காம்பராவுக்குள் பாட்டு வந்ததே, அதே ரேடியோ அலைதான் போனுக்கும் வருகிறது. வானொலிப் பெட்டி கேட்க மட்டும்தான் செய்யும். போன் கேட்கும், பதிலும் அனுப்பும். அந்தப் பதிலை வாங்கி மேலே அனுப்புவது டவர். நம் நாட்டில் 2013இல் 4ஜி வந்த பிறகு, படமும் பாடமும் வேகமாக வரத் தொடங்கின.

அப்படியானால் நம் லயத்தில் ஏன் சிக்னல் இல்லை? வெயில் படாத பள்ளத்தில் நிழல் விழுவதுபோல, மலை மறைத்த இடத்தில் அலையும் குறைந்துவிடும். தகரக் கூரையும் அலையைத் தடுக்கும். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார்கள் அல்லவா? காரணம் இதுதான். காம்பராவின் நடுவில் உட்காராமல், டவர் இருக்கிற பக்கத்து ஜன்னலிலோ வாசலிலோ வைத்துப் பாருங்க. வித்தியாசம் தெரியும். மரத்திலும் வழுக்குப் பாறையிலும் மட்டும் பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

வைஃபை என்பது சிறிய டவர் மாதிரி. ஒரு வீடு, ஒரு வகுப்பறை அளவுக்குத்தான் எட்டும். ஒரு போனில் ‘ஹாட்ஸ்பாட்’ போட்டால் அதுவும் வைஃபைதான். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கலாம். ஆனால் எல்லோர் செலவும் அந்த ஒரு போனில்தான் கழியும். அதனால் கடவுச்சொல் போட்டு வையுங்கள், படித்து முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இனி காசு விஷயம். மடுவத்தில் கொழுந்து நிறுப்பதுபோல டேட்டாவுக்கும் நிறுவை உண்டு. 1024 எம்பி சேர்ந்தால் ஒரு ஜிபி. எழுத்து மிகக் கொஞ்சம்தான் நிறுக்கும், படம் கூட, வீடியோ எல்லாவற்றையும்விடக் கூட. வீடியோவை 720 என்ற தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய ஒரு ஜிபி வரை போகலாம். 240க்குக் குறைத்தால் கால்பங்கு அளவில் முடியும். ஆசிரியர் பேசுவது அப்போதும் நன்றாகவே கேட்கும். வீடியோக்கள் தானாக ஓடுவதையும், செயலிகள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்தி வையுங்கள். ரீலோட் போட்ட மறுநாளே தீர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் இருக்கின்றன. கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ தளத்தில் தமிழில் பாடங்கள் உண்டு. சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் புத்தகத்தை ஒருமுறை இறக்கி வைத்தால், பிறகு டேட்டா இல்லாமலே எத்தனை முறையும் படிக்கலாம்.

இன்னும் இரண்டு வார்த்தை. அடைமழையில் இணையம் வராவிட்டாலும் சாதாரண எஸ்எம்எஸ் போகக்கூடும். அதற்குக் கொஞ்சம் சிக்னல் போதும். மண் சரியும் அடையாளம் கண்டால் முதலில் இடத்தை விட்டு விலகுங்கள், பிறகு 117க்கு அழையுங்கள். அடுத்தது, பரிசு விழுந்திருக்கிறது, போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், அவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். அது உங்கள் பணப்பெட்டிச் சாவி.

தெரியாததைப் பிள்ளைகளிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். இன்று இரவே போனை எடுத்து, எதில் எத்தனை எம்பி போயிருக்கிறது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ஜிபியும் பிள்ளையின் படிப்புக்கு ஆகும்.