சீதா கேட்ட வினா: ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ குறித்து

 

ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) பற்றி எனக்கும் துறை நண்பர்களுக்கும் உள்ள வழக்கு இந்த அவைக்குப் புதிதன்று. அதை மருத்துவர் முரளியின் தியாகக் கதை என்கிறார்கள் அவர்கள். பழைய காதலி சீதாவின் கணவன் வேணுவைப் புற்றுநோயிலிருந்து மீட்டுவிட்டு முரளி உயிர்விடுகிறார். ஆகவே ஆலயம் அவருக்கே என்று முடிக்கிறார்கள். அவர்கள் கணக்கில் சீதா இரு நல்லவர்களுக்கு நடுவே அழுபவள், அவ்வளவே. இதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

ஒரு பாட்டைப் பார்ப்போம். தான் இறந்தால் முரளியை மணந்துகொள் என்று படுக்கையில் கிடக்கும் வேணு மனைவியிடம் சொல்லிவிடுகிறான். அதற்குச் சீதாவின் மறுமொழிதான் ‘சொன்னது நீதானா’ என்ற அந்தப் பாட்டு. கண்ணதாசன் எழுத, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் சுசீலா பாடியது, திரையில் தேவிகா. நண்பர்கள் அதைப் புலம்பல் என்று வகைப்படுத்துகிறார்கள். புலம்பல் யாரை நோக்கியும் இருக்கலாம். இந்தப் பாட்டோ எதிரே இருப்பவனை விட்டு விலகுவதே இல்லை. மாலையும் குங்குமமும் தந்தவன் யார், கடைசிவரை துணையிருப்பேன் என்றவன் யார் என்று அவள் அடுக்கும் செயல் ஒவ்வொன்றுக்கும் எழுவாய் ‘நீ’தான். பதில் கேட்கும் இடத்தில் ‘சொல்’ என்ற ஒரே சொல் மும்முறை விழுகிறது. மூன்றாம் முறை சுசீலாவின் குரலைக் கேளுங்கள், அதில் கெஞ்சல் இல்லை.

நன்னூல் வினாவை ஆறாகப் பகுக்கிறது. அவன் சொன்னதைக் காதால் கேட்டவள் அவள். அதனால் ‘சொன்னது நீதானா’ என்பது அறியா வினா அன்று, ஐய வினாவும் அன்று. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள் என்று பணிக்கும் ஏவல் வினா. தெய்வத்துக்குச் சூட்டிய மாலை என்ற பழைய கற்புவழிப் படிமமும் பாட்டில் வருகிறதே என்பார்கள். வருகிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பழைய மொழியை வைத்துக்கொண்டு கணவனையே குறுக்கு விசாரணை செய்கிறாள் அவள். தன்னைக் கேளாமல் தன் வருங்காலத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றக் கூடாது என்பது அவள் வழக்கு. முரளியின் சாவு இதற்கு விடையாகாது. ‘முக்கோணக் காதல்’ என்ற பெயரும் பொருந்தாது. மணமான பின் இவள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

இங்கே விரிக்காமல் விடுபவை சில உண்டு. ஏ. வின்சென்ட்டின் ஒளிப்பதிவைத் தனியே பேச வேண்டும். பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே அடங்கிய கதைக்கு அவர் தந்த இயக்கம் சிறிதன்று. நாகேஷின் பகுதிகளையும் தனியே பேச வேண்டும். ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’ (1959) நாயகிகளைச் சீதாவோடு ஒப்பிடலாம். ஸ்ரீதரே இந்தியில் எடுத்த ‘தில் ஏக் மந்திர்’ (1963) படத்தில் இதே இடத்து வினாக்கள் என்னவாயின என்பதை இரு மொழியும் அறிந்த இளைய ஆய்வாளர் யாரேனும் பார்க்க வேண்டும். பாட்டு முழுவதும் பேசாமல் கிடந்து கேட்கும், வேணுவாக நடித்த முத்துராமனின் முகத்தைப் பற்றியும் எழுதலாம்.