பல்லியத்தின் பின்னே

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கவிதையும் பயணமும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் பணித்தார். பயணக் கவிதைகளைத் தொகுத்து ஆராய்ந்து வருவேன் என அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நானோ 2024 ஜூன் விடுமுறையில் எங்கள் தொடக்கக் கல்லூரியின் சீனப் பல்லியக் குழுவோடு சீனத்தின் ஃபூஜியான் மாநிலம் சென்றுவந்த எட்டு நாள்களைப் பற்றிப் பேச விழைகிறேன். தமிழ் விரிவுரையாளருக்கும் சீன இசைக்குழுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். என் உடன்பணியாளர்கள் கேட்டார்கள்; என் தாயார் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தொடர்பு மிக எளியது. மாணவியர் பலர் செல்லும் பயணத்தில் ஆசிரியைகள் இருவரேனும் உடன்செல்ல வேண்டும். செல்லவேண்டிய ஒருவர் மகப்பேற்று விடுப்பில் இருந்தார். என் பெயர் எழுதப்பட்டது.

மாணவர் 52 பேர். பயிற்றுநர் ஒருவர். ஆசிரியர் நால்வர். என் பணி எண்ணுவது. பேருந்தில் ஏறும்போது எண்ணுவேன்; இறங்கும்போது எண்ணுவேன்; உணவுக்கூடத்தில், மேடையின் பின்புறத்தில், இரவு பத்து மணிக்கு அறைக் கதவுகளைத் தட்டி, மீண்டும் எண்ணுவேன். யாருக்கு நிலக்கடலை ஆகாது, யாருக்கு இழுப்பு நோய், யார் கடவுச்சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வருவார் என்பதெல்லாம் இரண்டாம் நாளே மனப்பாடமாகிவிட்டது. இந்த எண்ணிக்கைக்கு இடையில் கண்டதையும் கேட்டதையும்தான் சொல்லப்போகிறேன்.

புறப்படுமுன் 'இடர் மதிப்பீட்டுப் படிவம்' என்ற ஒன்றை நிரப்பித் தரவேண்டும். எங்கே வழுக்கும், எங்கே கூட்டம் நெருக்கும், எந்த உணவு ஒவ்வாது, யாது செய்வது என்று வரிசையாக எழுதவேண்டும். எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தர் கூட்டத்திற்கு வழிசொல்கிறான். பாசி படிந்த பாறையில் கால் வழுக்கும், கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள். குழிகளில் பாம்பு இருக்கும், பார்த்து நடவுங்கள். தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிவர், மரத்தின் பின்னே ஒதுங்குங்கள் என்று அவன் சொல்வதில் பாதி இன்றைய படிவத்திற்கு அப்படியே பொருந்தும். 583 அடிகள் கொண்ட அப்பாட்டைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். அரசனைப் புகழ வந்த பாட்டு என்றே மாணவர்க்குச் சொல்லிவந்தேன். இப்போது அது பிள்ளைகளையும் கருவிகளையும் பத்திரமாக ஊர் சேர்க்கக் கவலைப்பட்ட ஒருவனின் பாட்டாகவும் எனக்குத் தோன்றுகிறது.

கருவிகளைச் சொன்னேன். முழவும் ஆகுளியும் குழலும் தூம்பும் பைகளில் சுருக்கிக் கட்டப்பட்டு, பலாமரத்தில் தொங்கும் காய்களைப்போல இருபுறமும் தொங்கின என்று அப்பாட்டின் தொடக்கத்தில் வருகிறது. அந்தப் பைக்குக் 'கலப்பை' என்று பெயர். எங்கள் கலப்பைகள் கெட்டியான நெகிழிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்தது. பெரிய முரசுகளையும் அடித்தொனி தரும் பெருந்தந்திக் கருவிகளையும் சியாமென் நகரப் பள்ளியே தந்துதவுவதாக ஏற்பாடு. எர்ஹுவில்தான் சிக்கல். இரண்டே தந்தி, வில் அவ்விரண்டுக்கும் நடுவில் ஓடும் கருவி அது. அதன் முகத்தைப் போர்த்தியிருப்பது மலைப்பாம்பின் தோல். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-இல் நடப்புக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம் மலைப்பாம்பையும் காக்கிறது. ஆகவே, எர்ஹு எல்லை கடக்கத் தாள் வேண்டும். 2013-இல் இசைக்கருவிக்கென்றே தனிச் சான்றிதழ் வகுத்தார்கள். மனிதர்க்கோ அவ்வாண்டு வழி எளிதாகியிருந்தது. 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூரரும் சீனரும் 30 நாள் வரை விசா இன்றியே சென்றுவரலாம். பிள்ளைகளுக்கு விசா இல்லை, அவர்தம் கருவிகளுக்கு உண்டு! ஹாங்காங் சீன இசைக்குழுவினர் பாம்புத் தோலுக்குப் பதிலாகச் செயற்கைச் சவ்வு போர்த்திய கருவிகளை உருவாக்கிப் பல ஆண்டுகளாக வாசித்துவருகின்றனர். எங்கள் பயிற்றுநர் அவற்றின் ஒலியை ஏற்க மறுப்பவர். யாழின் பத்தரைப் போர்த்த தோலைப் 'பச்சை' என்கிறது பொருநராற்றுப்படை. நம் பாணரும் இக்கட்சியைச் சேர்ந்தவராகவே இருந்திருப்பர்.

சுங்கத்திற்கான பட்டியலைச் சரிபார்த்தபோது ஒவ்வொரு கருவியைப் பற்றியும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். எர்ஹு என்ற பெயரில் உள்ள 'ஹு', வடக்கிலும் மேற்கிலும் வாழ்ந்த வேற்றினத்தாரைச் சீனர் பழங்காலத்தில் குறித்த சொல். சீன இசையின் உயிர்க்குரல் எனப்படும் கருவியின் பெயரிலேயே அயலான் இருக்கிறான். பிபா நடு ஆசியா வழியே வந்தது. நம் நாகசுரத்திற்கு உறவு சொல்லத்தக்க சுவோனாவும் மேற்கிலிருந்து வந்ததே. நூற்றுக்கும் மேற்பட்ட தந்திகளைக் கோல்களால் தட்டி வாசிக்கும் யாங்சின், பாரசீகத்துச் சந்தூரின் வழித்தோன்றல் எனக் கருதப்படுகிறது. நடத்துநர் முன்னிற்க, கருவிகள் பிறைவடிவில் அமரும் இப்பல்லிய அமைப்போ மேலைச் சிம்பொனியைக் கண்டு 20ஆம் நூற்றாண்டில் உருவானது. இதைக் கேட்டு நான் வியக்கவில்லை. பாலுசாமி தீட்சிதர் கையில் வயலின் தமிழிசை மேடைக்கு வந்த கதையை அறிந்தவர்களல்லவா நாம்!

சியாமெனுக்கு ஏறத்தாழ நான்கரை மணி நேரப் பறப்பு. கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இரு நாட்டுக்கும் ஒரே நேரம். முதல் இரு நாள்கள் பயிற்சி. ஒரு பிற்பகல் வண்டிகள் ஓடாத குலாங்யூ தீவில் பழம்பியானோக்களின் காட்சியகம். மூன்றாம் நாள் மாலை கூட்டு இசைநிகழ்ச்சி.

அன்று மேடையின் பின்புறம் எங்கள் பிள்ளைகளின் முகங்களில் ஓர் அச்சத்தைக் கண்டேன். முதலில் வாசித்த அந்நகரத்துப் பள்ளி மாணவர்களின் விரல்கள் பறந்தன. எங்களவர் வாசிக்கவிருந்த முதல் உருப்படி, வசந்தகால ஆற்றங்கரையில் பூவும் நிலவும் கூடிய இரவைப் பாடும் புகழ்பெற்ற பழைய பிபா இசையின் பல்லிய வடிவம். அவர்கள் வீட்டுப் பாட்டை அவர்களிடமே கொண்டுபோய் வாசிப்பதா என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். எண்ணிக்கை பார்ப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாதவளிடம் கேட்ட கேள்வி அது. வாசித்தார்கள், பிழையில்லை. அவையினர் மரியாதையாகக் கைதட்டினார்கள். அடுத்தது சிங்கப்பூரர் வாங் சென்வெய் இயற்றிய 'சகோதரித் தீவுகள்'. நம் தென்கடலில் அருகருகே கிடக்கும் இரு தீவுகளின் பழங்கதை அது. மலாய்த் தீவுகளின் சாயல் கொண்ட தாளம் முழங்கியதும் முன்வரிசைச் சிறுவர்கள் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்ததைப் பக்கத்திரையின் இடுக்கில் நின்று பார்த்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் அப்பள்ளி மாணவர்கள் அவ்வுருப்படியின் இசைத்தாளைத்தான் கேட்டுச் சூழ்ந்தார்கள்.

விருந்தில் பேசிய பெரியவர் ஒருவர் மனமுவந்து பாராட்டினார். "நம் இசையைக் கடல் கடந்தும் இவ்வளவு நன்றாகக் காத்து வைத்திருக்கிறீர்களே!" என்பது அதன் சாரம். என் அருகில் இருந்த பிபா மாணவி அதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, "அப்படியென்றால் நாங்கள் என்ன அருங்காட்சியகமா, மேடம்?" என்றாள்.

கவிஞர் பெருமக்களே, அக்கேள்வி உங்கள் செவிக்குப் புதிதா? நம் வட்டத்தில் வெளிவந்த தொகுதிகளை எண்ணிப்பாருங்கள். தமிழகத்துப் பெரும்புலவர் ஒருவரின் அணிந்துரைக்காக மாதக்கணக்கில் அச்சுக்குப் போகாமல் காத்திருந்த நூல்கள் எத்தனை? வந்த அணிந்துரைகளில், 'கடல் கடந்தும் தமிழை மறவாத' என்ற தொடர் இல்லாதது எத்தனை? அத்தொடரை நாம் பெருமையோடு பின்னட்டையில் அச்சிடுகிறோம். அது கவிதையைப் பற்றிய சொல் அன்று. நம் நினைவாற்றலைப் பற்றிய சொல். மறவாமை நற்பண்பே. ஆனால் உவமை பழுதானது, மூன்றாம் அடி சொத்தை என்று நமக்குச் சொல்பவர் யார்? அடுத்த பத்தாண்டில் வரும் தொகுதிகள் அத்தகைய சான்றிதழ் இன்றியே வரட்டும் என்று இவ்வவையில் துணிந்து சொல்கிறேன். பகைத்துக்கொள்வோர் பகைத்துக்கொள்க.

இவ்வளவு உறுதியாகப் பேசிவிட்டேன். ஆயினும், அதே பயணத்தின் ஐந்தாம், ஆறாம் நாள்கள் இவ்வுறுதியைச் சற்றே அசைத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாம் நாள் சுவான்சௌ சென்றோம். சோங், யுவான் ஆட்சிகளின்போது உலகப் பெருந்துறைமுகமாக விளங்கிய அந்நகரை 2021-இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு அங்குக் கிடைத்ததை நீங்கள் அறிவீர்கள். கானின் நலத்திற்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருள்வித்த செய்தி தமிழில், இறுதியில் ஒரு வரி சீனத்தில். அக்கல்லைக் காணும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. காய்யுவான் பௌத்தக் கோயிலின் தலைமை மண்டபத்திற்குப் பின்புறம் நிற்கும் இரு தூண்களைக் கண்டேன். அழிந்துபோன சிவன் கோயிலிலிருந்து வந்தவை. மிங் காலத்துத் திருப்பணியில் இங்கே பொருத்தப்பட்டவை என்பர். நரசிங்கமும் கண்ணன் கதைகளும் வட்டச் சிற்பங்களாக அவற்றில் உள்ளன.

எங்கள் குழுவில் தமிழ் மாணவி ஒருத்தி உண்டு. வாயால் ஊதும் ஷெங் வாசிப்பவள். சியாமெனில் பலர் அவளோடு நிழற்படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் எப்படி வாசித்தாள் என்று கேட்டவர் குறைவு. இத்தூண்களின் முன் முதன்முறையாக எல்லாரும் அவளிடம் விளக்கம் கேட்டார்கள். அவளுக்குக் கதை பாதிதான் தெரியும். நான் தமிழில் சொன்னேன்; அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்; பிபா மாணவி மாண்டரினில் சொன்னாள். கூட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் துடைப்பத்தை ஊன்றி நின்று இரணியன் வதம் முழுவதையும் கேட்டார். மூன்று மொழி தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது கதை எவ்வாறு இருந்ததோ, நான் அறியேன்.

மறுநாள் மாலை நான்யின் இசை கேட்க அழைத்துச் சென்றார்கள். பிபாவை நிமிர்த்திப் பிடிக்காமல் மடியில் கிடையாக வைத்து மீட்டும் தொன்மையான முறை, நெடுங்குழல் ஒன்று, பாடுபவர் கையில் மரத்தாளம். ஆரவாரமே இல்லாத இசை. 2009-இல் யுனெஸ்கோ போற்றிய இக்கலை நம் ஊருக்கும் புதிதன்று. சியோங் லெங் இசைக் கழகம் 1941 முதல் சிங்கப்பூரில் இதைப் பேணிவருகிறது. பாட்டு சுவான்சௌ ஹொக்கியன் மொழியில். எங்கள் மாணவரில் பலருடைய பாட்டன்மார் இந்நிலத்தை விட்டுக் கப்பலேறியவர்கள். அவர்கள் முகங்களைப் பார்த்தேன். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. சிங்கப்பூரில் 1979-இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. 2020 குடிமதிப்பின்படி வீட்டில் சீன வட்டாரமொழிகளை மிகுதியாகப் பேசுவோர் 8.7 விழுக்காட்டினரே. அவ்வறையில் அவர்களும் நானும் ஒரே நிலையில் அமர்ந்திருந்தோம்.

பாடிய அம்மையார் தாளத்தை மடியில் வைத்துவிட்டு, உங்கள் வீட்டு ஹொக்கியன் பாட்டு ஏதேனும் பாடுங்கள் என்றார். நீண்ட அமைதி. பெருமுரசு அடிக்கும் மாணவன் கை உயர்த்தினான். பயிற்சிக்கு நாள்தோறும் தாமதமாக வருபவன். தன் 'அமா' சொல்லித்தந்தது என்றான். ஹொக்கியனில் பாட்டிக்கு அதுதான் பெயர். வானம் கருத்துவரும்போது தாத்தா மண்வெட்டியோடு போய்க் கிழங்கு தோண்டுகிறார், மீன் அகப்படுகிறது, உப்பாகச் சமைப்பதா உப்பில்லாமலா என்று பாட்டியோடு சண்டை, சட்டி உடைகிறது. அந்தச் சிறுவர் பாட்டை மூன்றடி பாடி நின்றான். எஞ்சியதை அம்மையாரும் குழலூதியவரும் வாயிலில் நின்ற ஓட்டுநரும் சேர்ந்து பாடி முடித்தார்கள். பொருள் தெரியுமா என்று அவனைக் கேட்டேன். சட்டி உடைவது மட்டும் தெரியும் என்றான்.

ஊர் திரும்பியபின், ஜூலைத் தொடக்கத்தில், என் தமிழ் வகுப்பு மாணவர் 23 பேரிடம் தாலாட்டு ஒன்றேனும் தெரிந்தவர் கை உயர்த்துக என்றேன். ஐவர் உயர்த்தினர். அவர்களுள் இருவர் பாடியது திரைப்பாடல். மற்ற மூவர் பாடியதை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒன்றில் வரும் இரு சொற்கள் எனக்கும் விளங்கவில்லை, எந்த அகராதியிலும் கிடைக்கவில்லை. விழா முடிந்தபின் இங்குள்ள மூத்தோர் சிறிது நேரம் ஒதுக்கி அதைக் கேட்டுச் சொன்னால் நன்றியுடையவளாவேன்.